நீ யாராக விரும்புகிறாய்? – வேட விளையாட்டுகளின் வரலாறு

தீவில் வாழும் மக்களுக்குக் கடல் கடந்து வருவன யாவும் செய்தியே. ஒரு காலத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமன்றி, உறவினர் கடிதத்துக்கும் வார இதழுக்குங்கூட நாம் கப்பலையே எதிர்நோக்கி இருந்தோம். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் அந்நிலை பெரிதும் மாறிற்று. சென்னையிலிருந்து நம் தலைநகருக்கும், அங்கிருந்து ரங்கத், லாங் ஐலண்டு, ஹேவ்லாக், சிறிய அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, பெரிய நிக்கோபார் ஆகிய இடங்களுக்கும், ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழை வடம் கடலடியில் இடப்பெற்று அன்று பயனுக்கு வந்தது. அதுவரை செயற்கைக்கோளின் குறுகிய வழியே சொட்டுச் சொட்டாக வந்த இணையம், அன்று முதல் ஆறாகப் பாய்ந்தது.

அவ்வாற்றின் வழியே அலுவலகக் கோப்பு வந்தது. வங்கிக் கணக்கு வந்தது. பிள்ளைகளின் பாடமும் வந்தது. அவற்றோடு, இறக்கிக்கொள்ள முன்பு அரிதாயிருந்த பெரிய கணிப்பொறி விளையாட்டுகளும் வந்தன. இன்று நம் காலனி வீடுகளில் மாலை வேளையில் ஓர் இளைஞன் திரையின் முன் அமர்ந்து, மலையும் காடும் கோட்டையும் நிறைந்த கற்பனை நாடொன்றில் உலவக் காண்கிறோம். “என்னதான் செய்கிறான் இவன்?” எனப் பெற்றோர் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை கூற, அவ்விளையாட்டுகள் கடந்து வந்த வழியை அறிதல் வேண்டும். அவ்வழியில் நம் தீவின் வரலாற்றை நினைவூட்டும் இடமும் ஒன்று உண்டு.

விதியும் மதியும்

நம் முன்னோர் ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பார்ப்போம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் பரமபதத்தில் ஆடுவோனுக்குத் தேர்வு என்பதே இல்லை. விழுந்த எண்ணுக்கு ஏற்பக் காய் நகரும். ஏணி ஏற்றும், பாம்பு இறக்கும். ஆடுபவன் அறிவாளியோ மூடனோ, அது பொருட்டன்று. தாயக்கட்டத்தில் அந்நிலை சிறிது மாறுகிறது. எண்ணைத் தருவது தாயக்கட்டை. ஆயினும் எந்தக் காயை நகர்த்துவது, எதை வெட்டுவது, எதை மலையேற்றிக் காப்பது என்பன ஆடுவோன் கையில் உள்ளன.

ஆடுபுலி ஆட்டமோ தாயத்தை அறவே விலக்கியது. 3 புலிகள், 15 ஆடுகள், 23 சந்திகள். இங்கே ஆடும் இருவரும் சமமானவர் அல்லர். புலி பாய்ந்து வெல்லும்; ஆடு கூடி நின்று வெல்லும். ஆகவே, “நீ புலியா, ஆடா?” என்னும் வினா ஆட்டத்துக்கு முன்பே எழுகிறது. பக்கத்தைத் தேர்ந்தவன் ஒரு போக்கையும் தேர்ந்தவனாகிறான். புலியைப் போல் ஆட்டை நகர்த்துபவன் தோற்பது உறுதி.

திருக்குறளின் 94ஆம் அதிகாரம் ‘சூது’. விளையாட்டு என்றாலே நம் பெரியோர் அவ்வதிகாரத்தை நினைவூட்டுவர். வள்ளுவர் கடிந்தது பொருளை வைத்து இழக்கும் ஆட்டத்தை. மதியை வளர்க்கும் ஆட்டம் வேறு, பொருளைப் பறிக்கும் ஆட்டம் வேறு என்னும் வேறுபாட்டை இன்றைய அரசும் ஏற்றுள்ளது. பணம் வைத்தாடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிறைவேற்றியது. இக்கட்டுரையில் நாம் பேசுவது பணயம் இல்லாத விளையாட்டையே.

தாளும் பென்சிலும்

1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டனர். முதல் பதிப்பு 1,000 படிகளே. காய் நகர்த்தக் கட்டம் வேண்டியதில்லை. தாள், பென்சில், பகடை ஆகியவை போதும். ஒருவர் கதை சொல்ல, மற்றவர் கதைமாந்தராய் நின்று, “நான் இதைச் செய்கிறேன்” எனக் கூறுவர். நம் தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் கதையை முன்பே அறிவர். துரியோதனன் வேடம் பூண்டவன் விடியுமுன் வீழ்ந்தே தீர வேண்டும். இவ்விளையாட்டிலோ வேடம் உண்டு, முடிவு மட்டும் எழுதப்படவில்லை.

தொடக்கத்தில் மூன்றே வேடங்கள் இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, சமயக் குரு. அடுத்த ஆண்டில் கள்வனும் சேர்ந்தான். உடல்வலி, அறிவு முதலிய ஆறு இயல்புகளையும் பகடை உருட்டியே பெற வேண்டும். ஆனால், பெற்றதைக் கொண்டு என்னவாக வாழ்வது என்பதை ஆடுவோனே முடிவு செய்வான். பிறப்பில் வாய்த்தது பகடை. பின்பு வாழ்வது தேர்வு. பரமபதமும் ஆடுபுலியும் இங்கே ஓர் ஆட்டத்துள் கைகோத்தன எனலாம்.

குருட்டுக் கடைக்காரியின் முன்

இவ்வகை ஆட்டம் விரைவில் கணிப்பொறிக்குள் புகுந்தது. தொடக்கக்கால ஆட்டங்களில் கண்ட பகையை வெட்டுவதும், கண்ட பொருளை எடுப்பதுமே வெற்றிக்கு வழிகள். வென்றால் போதும், எவ்வாறு வென்றாய் என எவரும் வினவுவதில்லை. 1985ஆம் ஆண்டில் ரிச்சர்டு காரியட் என்பவர் ‘அல்டிமா’ வரிசையின் நான்காம் ஆட்டத்தை வெளியிட்டு இப்போக்கை மாற்றினார்.

அவ்வாட்டத்தின் இறுதியில் வீழ்த்த வேண்டிய அரக்கன் எவனும் இல்லை. வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மநெறி, பணிவு என்னும் எட்டுப் பண்புகளையும் நிறைவுறப் பெறுவதே ஆடுவோனின் குறிக்கோள். அவற்றைப் பெற்றவனுக்கு அவர் இட்ட பெயர் நம் நாட்டுச் சொல்லாகிய ‘அவதாரம்’ என்பதே. தொடக்கத்தில் ஆடுவோன் தன் வேடத்தைப் பட்டியலில் பொறுக்கி எடுப்பதில்லை. குறி சொல்லும் பெண்ணொருத்தி, இரண்டு பண்புகள் தம்முள் மோதும் நிலைகளைக் கூறி, “எதனைக் கொள்வாய்?” எனக் கேட்பாள். விடையைப் பொறுத்து வேடம் அமையும். இரக்கத்தை மேலாய்க் கொண்டவன் பாணனாவான். வீரத்தைக் கொண்டவன் போராளியாவான். பணிவைக் கொண்டவனோ ஆட்டிடையனாவான். இடையனின் வாழ்வே யாவற்றினும் கடினமானது!

அவ்வாட்டத்தில் மூலிகை விற்கும் பெண்கள் பார்வையற்றவர்கள். எத்தனை காசு கொடுக்கிறோம் என்பதை ஆடுவோனே குறித்துத் தரவேண்டும். குறைத்துக் கொடுத்தாலும் பொருள் கிடைக்கும், தண்டிப்பார் எவருமில்லை. ஆனால், வாய்மை அவ்விடத்திலேயே தேய்ந்துவிடும். அந்தத் தேய்வைத் திரை உடனே காட்டாது. நெடுவழி கடந்து, அரண்மனையில் இருக்கும் ஞானியிடம் சென்று வினவும்போதே தன் நிலை தெரியவரும். காணாத இடத்தில் நடந்துகொள்ளும் முறையே ஒருவனின் உண்மையான ஆடும் நெறி என்பதை, விளையாட்டின் அமைப்பினாலேயே அவர் உணர்த்தினார்.

கைதியாய்க் கரையேறியவன்

இனி, தீவினராகிய நாம் ஊன்றி நோக்க வேண்டிய ஆட்டத்துக்கு வருவோம். ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ என்பது 1994ஆம் ஆண்டில் தொடங்கிய புகழ்பெற்ற வரிசை. அதன் மூன்றாம் ஆட்டமாகிய ‘மாரோவிண்ட்’ 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது தொடங்கும் வகையைக் கேளுங்கள். ஆடுவோன் ஒரு கைதி. கப்பலின் அடித்தளத்தில் கண்விழிக்கிறான். கப்பல் ஒரு பெருந்தீவின் சிறு துறையை அடைகிறது. அவன் செய்த குற்றம் இன்னதென எவரும் சொல்வதில்லை. காவலர் அவனைக் கரையேற்றிக் குடிக்கணக்கு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கின்றனர். அதற்கு முன்பே துறையில் காவலர் ஒருவர் அவன் குலத்தைக் கேட்டறிகிறார். அலுவலகத்தில் முதிய அலுவலர் ஒருவர், “நீ என்ன தொழிலினன்?” எனக் கேட்கிறார். பட்டியலில் ஒன்றைச் சொல்லலாம். தானே ஒரு தொழிலைப் புனைந்து எழுதலாம். அன்றிச் சில வினாக்களுக்கு விடையளித்து அதன்வழி அறியலாம். பின்பு கையில் ஒரு தாளைக் கொடுத்துக் கதவைத் திறந்து விடுகின்றனர். ஒரு மூட்டையை ஓர் ஊரில் சேர்க்கச் சொல்வர். சேர்க்கலாம், சேர்க்காமலும் இருக்கலாம். தீவு முழுதும் அவன்முன் திறந்து கிடக்கிறது.

இதனைப் படிக்கும்போது நம் உள்ளம் எங்கே செல்கிறது? 1858ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள், 200 கைதிகளுடன் இத்துறையில் வந்திறங்கிய வாக்கரின் காலத்துக்கு அன்றோ செல்கிறது! போர்ட் பிளேர் என அந்நாளில் பெயர் பெற்று, 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் நம் நகரின் முதற் பக்கமும் கப்பல், கைதி, எழுத்தர், தாள் என்பனவற்றால் ஆகியதே. சென்னை மாகாணத்திலிருந்தும் கைதிகள் இங்கே அனுப்பப்பெற்றனர். அவர்கள் பட்ட துயரை ஒரு விளையாட்டோடு வைத்து எண்ணுதல் நம் நோக்கமன்று. ஆட்டத்தில் இறந்தவன் மீண்டும் எழுவான். இங்கே காட்டிலும் காய்ச்சலிலும் மடிந்தோர் எழவில்லை. ஆயினும், ‘புதிய மண்ணில் நீ யார்?’ என்னும் வினா இரண்டிடத்தும் ஒன்றே.

இத்தண்டனைக் குடியிருப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பல ஆண்டுகள் கடுமையாக உழைத்து, நன்னடத்தை உடையவரெனக் கருதப்பெற்ற கைதிக்குத் ‘தன்பிழைப்பாளர்’ என்னும் நிலை வழங்கப்பெற்றது. அவர் நிலம் பெற்று உழலாம், மாடு வளர்க்கலாம், கடை வைக்கலாம், மணந்து குடும்பமாய் வாழலாம். தீர்ப்புத் தந்த பெயர் மெல்ல மறைய, தொழில் தந்த பெயர் நிலைத்தது. அவர்தம் வழித்தோன்றல்கள் இம்மண்ணின் பிள்ளைகளாயினர். தாயகத்தில் இறுகிக் கிடந்த சாதிக்கட்டு இங்கே பெரிதும் தளர்ந்தது. பின்பு, பர்மாவிலிருந்து வந்த தமிழரும், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறிய தமிழரும், பிழைப்பு நாடித் தாமே கப்பலேறிய நம் குடும்பத்தாரும் அதே வினாவுக்கு விடை கூறினர். வந்தவர் யாரென்பதை, அவர் நாடோறும் செய்ததே முடிவு செய்தது.

வியப்பு யாதெனின், மாரோவிண்ட் ஆட்டத்தின் உள்விதியும் அதுவே. அங்கே பகையைக் கொன்றால்தான் திறமை வளரும் என்பதில்லை. ஓடினால் ஓட்டம் வளரும். பேரம் பேசினால் வணிகம் வளரும். அலுவலரிடம் என்ன தொழில் சொன்னாலும், செய்யும் செயலே ஆளை வளர்க்கும்.

வழி பலவானபோது

2011ஆம் ஆண்டில் அவ்வரிசையில் வந்த ‘ஸ்கைரிம்’, தொடக்கத்தில் தொழிலைக் கேட்பதையே விட்டுவிட்டது. கைகள் கட்டுண்டு கொலைக்களத்துக்குச் செல்லும் கைதியாகவே அங்கும் நாம் தொடங்குகிறோம். தப்பியபின் 18 திறமைகளில் எதனையும் பழகலாம். 2017ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா’ ஆட்டத்தில், தொடக்க மேட்டுநிலத்தைக் கடந்தவுடன் நேரே இறுதிப் பகைவனின் கோட்டைக்கே செல்லலாம். செல்லாமல் மலைகளைச் சுற்றிக்கொண்டும் இருக்கலாம். 2022ஆம் ஆண்டில் வந்த ‘எல்டன் ரிங்’ பத்துத் தொடக்க நிலைகளைத் தருகிறது. அவற்றுள் ஒருவன் ஏதிலி. உடுக்க நல்ல ஆடையின்றிக் கையில் ஒரு தடியுடன் நிற்பான். அவனும் உழைத்தால் வாளோ மந்திரமோ எதனையும் அடையலாம். அவனையே விரும்பித் தேர்வோர் பலர்.

கட்டற்ற உரிமை கிடைத்தபின் நிகழ்ந்தது நகைப்புக்கும் சிந்தனைக்கும் உரியது. ஸ்கைரிமை ஆடுவோர் பலர், “இம்முறை மந்திரவாதியாவேன்”, “இம்முறை கேடயமேந்திய வீரனாவேன்” எனத் தொடங்குவர். சில நாள் சென்றபின் அனைவரும் இருளில் பதுங்கி அம்பெய்யும் வில்லாளியாகவே முடிவர். உலகெங்கும் ஆடுவோரிடையே இது வேடிக்கைப் பேச்சாகவே வழங்குகிறது. காரணம் எளிது, பதுங்கி எய்தல் ஆபத்துக் குறைந்தது, ஆதாயம் மிகுந்தது. ஆயிரம் வழி திறந்திருந்தாலும் மனம் பள்ளத்தை நோக்கி ஓடும் நீராகி விடுகிறது. எல்லாம் செய்யலாம் என்னும் இடத்தில், பெரும்பாலோர் செய்வது ஒன்றே!

ஆதலின், தேர்ந்த ஆட்டக்காரர் தமக்குத் தாமே ஒரு நோன்பை விதித்துக்கொள்கின்றனர். ஒருவர் உயிர்க்கொலை செய்வதில்லை எனக் கொள்வார். வேறொருவர் திருட்டை ஒழிப்பார். இன்னொருவர் குதிரையேறாமல் நடந்தே நாடு சுற்றுவார். விதி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. இடர் வந்தபோது நோன்பை முறித்தால் கேட்பாரும் இல்லை. எனினும் காக்கின்றனர். நம் வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரத்தன்று காவடி எடுப்போரை நினைத்துக்கொள்க. மலைக்கு வழி ஒன்றே. பால் காவடியோ பன்னீர்க் காவடியோ மயில் காவடியோ, எடுக்கும் சுமை அவரவர் நேர்ந்துகொண்டது. பக்தி வேறு, விளையாட்டு வேறு. ஆயினும், தானே ஏற்ற சுமையே ஒருவனைத் தனித்துக் காட்டும் என்னும் உண்மை இரண்டுக்கும் பொது. ஒன்றைத் தேர்வது என்பது, மற்றவற்றை விட்டுவிட ஒப்புக்கொள்வதே.

திறந்த கதவும் பிறர் வீடும்

இவ்வகை விளையாட்டுகளைத் ‘திறந்த உலக’ ஆட்டங்கள் என அழைக்கின்றனர். இப்பெயரில் ஒரு மயக்கம் உண்டு. திறந்தது என்பதால் உரியவர் இல்லாதது என்று ஆகிவிடுமா? இவ்வாட்டங்களில் எவர் வீட்டுக் கலயத்தையும் எடுத்துப் பையில் போடலாம். ஸ்கைரிமில் எடுக்குமுன் அது திருட்டு எனச் செந்நிறக் குறிப்புத் தோன்றும். ஆனால், கண்டவர் இல்லையேல் காவலர் வரார். அந்நிலையில் இளைஞன் செய்வது என்ன?

தீவினராகிய நமக்கு இது வெறும் விளையாட்டு வினாவன்று. நம் முன்னோர் வந்திறங்கியபோது இம்மண் ஆளற்ற மண்ணாயிருக்கவில்லை. பெரிய அந்தமானியர், ஓங்கியர், ஜராவர், சென்டினலியர், நிக்கோபாரியர், ஷோம்பென்னியர் ஆகியோர் இதில் தொன்றுதொட்டு வாழ்ந்தனர். குடியேற்றத்தோடு வந்த நோயாலும் மோதலாலும் பெரிய அந்தமானியர் சிறு தொகையினராய்க் குறைந்தனர். பழங்குடியினர் பாதுகாப்புக்கெனத் தனி ஒழுங்குமுறை 1956ஆம் ஆண்டில் இங்கே பிறப்பிக்கப்பெற்றது. கடக்க முடிந்த எல்லையையும் கடவாதிருப்பதே நன்னெறி என்பதை, ஜராவர் காப்பகத்தின் வழியே செல்லும் பாதையில் பயணம் செய்யும் நாம் அறிவோம். திறந்த நிலத்துள் எவ்வாறு நுழைவது என்பதைத் திரையின் முன் அமர்ந்த பிள்ளைக்குச் சொல்லித் தரத் தீவினரைவிடத் தக்கவர் யார்?

வீட்டில் கேட்க வேண்டிய வினா

இவ்வரலாற்றால் நாம் பெறும் பயன் ஒன்று உண்டு. வேட விளையாட்டுகள் கடந்த அரை நூற்றாண்டில் ‘வென்றாயா?’ என்னும் வினாவிலிருந்து, ‘எவ்வாறு வாழ்ந்தாய்?’ என்னும் வினாவை நோக்கி நகர்ந்துள்ளன. வீட்டில் நாமோ இன்னும், “எத்தனை மணி நேரமாக ஆடுகிறாய்?” என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். நேரத்தைக் கேட்பது கடமையே. கண்ணும் உறக்கமும் பாடமும் காக்கப்பட வேண்டியவையே. அதன்பின் இன்னும் ஒன்று கேட்போமாக: “அங்கே நீ யாராக இருக்கிறாய்? எதைச் செய்வதில்லை எனக் கொண்டிருக்கிறாய்?” இவ்வினாவைக் கேட்கும் தாயோடு பிள்ளை பேசத் தொடங்கும். தான் ஆடும் நெறியைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, வாழும் நெறியைச் சொல்லவும் ஒருநாள் சொல் கிடைக்கும்.

புலம்பெயர்ந்த தமிழரின் வாழ்வும் இக்கலைக்குள் நுழைந்துவிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தியின் கதையைச் சமையல் வழியே சொல்லும் ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, டொரண்டோ நகரில் உருவாகி 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. அது திறந்த உலகமன்று, சிறிய அடுக்களையே. எனினும், இட்டலித் தட்டையும் பழுதுற்ற சமையற் குறிப்பேட்டையும் உலகினர் கையில் கொடுத்து, “சிறிது நேரம் இத்தாயாக இரு” என்றது.

நம் காலனிப் பிள்ளைகளுள் ஒருவரும் நாளை ஓர் ஆட்டத்தை இயற்றக்கூடும். கப்பல் ஒன்று சாத்தம் துறையை அணைகிறது, ஒருவன் கரையேறுகிறான், காடும் கடலும் முன்னரே வாழும் மக்களும் அவன் எதிரே உள்ளனர். அவன் கையில் ஒரு தாள். அதில் நிரப்ப வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ‘நீ யார்?’ அதனை எழுத்தால் நிரப்பாது செயலால் நிரப்பியோர் நம் முன்னோர். அந்த ஆட்டத்தை இயற்றும் கை நம் தமிழ்க் கையாகுக! அதனை ஆடும் நெஞ்சம் நேரிய நெஞ்சமாகுக!